மருந்தின் வீரியத்தை எதைக்கொண்டு அளப்பது? தவளை அலகு முதல் மரபணு வெளிப்பாட்டுக் கோலம் வரை

குறித்த ஒரு விளைவைப் பெற எவ்வளவு மருந்து தேவை என்பதே அம்மருந்தின் வீரியம். சிறிய அளவிலேயே அவ்விளைவைத் தருவது வீரியம் கூடியது. பெரிய அளவு வேண்டி நிற்பது வீரியம் குறைந்தது. உச்ச விளைவின் பாதியைத் தரும் செறிவையே மருந்தியலாளர் வழக்கமாக அளவுகோலாகக் கொள்கின்றனர். அந்த உச்சம் எவ்வளவு உயர்ந்தது என்பது வேறு கேள்வி. அதைச் செயற்றிறன் என்பர். வரைவிலக்கணம் எளிது. ஆனால் எதை விளைவு என்று கொள்வது? தவளையின் இதயம் நிற்பதையா, புறா வாந்தி எடுப்பதையா, ஒரு நொதியம் முடங்குவதையா, கலமொன்றில் பல நூறு மரபணுக்களின் வெளிப்பாடு ஒருசேர மாறுவதையா? எது விளைவாக எடுத்துக்கொள்ளப்படுகிறதோ அதற்கேற்ப வீரியத்தின் எண்ணும் மாறிவிடுகிறது.

இந்தக் கேள்விக்கு மிக நீண்ட விடை வரலாறு கொண்டவை இதயக் கிளைக்கோசைட்டுகள். ஐரோப்பாவின் டிஜிட்டாலிஸ் செடியில் மட்டுமன்றி, யாழ்ப்பாணத்து வேலிகளிலும் கோயில் நந்தவனங்களிலும் நிற்கும் மஞ்சள் அலரியிலும், ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய தீவகப் பகுதிகளின் வறண்ட மணலில் தானாக வளரும் எருக்கிலும் அவை உண்டு. மருந்தாகவும் நஞ்சாகவும் ஒருங்கே அறியப்பட்டவை. மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே அவற்றில் இடைவெளி மிகக் குறுகியது. வீரியத்தைப் பிழையாக அளந்தால் உயிர் போகும் என்பதால்தான், 1785 முதல் இன்றுவரை அளவீட்டு முறைகள் பலவும் இவற்றின் மீது பரீட்சிக்கப்பட்டன.

இலையின் நிறையும் வைத்தியரின் கண்ணும்

பேர்மிங்ஹாம் வைத்தியர் வில்லியம் விதெரிங் 1785இல் வெளியிட்ட டிஜிட்டாலிஸ் நூல் முதல் விடையைத் தந்தது. செடியின் வேரும் இலையும் பருவத்துக்குப் பருவம் வேறுபடுவதை அவர் கண்டார். ஆகவே பூக்கும் காலத்து இலையை மட்டும் பறித்து, உலர்த்தி, தூளாக்கி, நிறுத்துக் கொடுத்தார். குமட்டல் வரும்வரை, அல்லது நாடி தளரும்வரை, அல்லது சிறுநீர் பெருகும்வரை கொடுத்துவிட்டு நிறுத்துவது அவருடைய முறை. அதாவது நோயாளியின் உடலே அளவுகோல்.

தமிழ் வைத்திய மரபும் ஏறத்தாழ இதே பாதையில்தான் சென்றது. செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய யாழ்ப்பாண வைத்திய நூல்கள் சார்ந்து நின்ற சித்த மரபில் மூலிகையைப் பறிக்கும் காலம், சுத்தி செய்யும் முறை, அனுபானம், நோயாளியின் தேகபலம் யாவும் மருந்தின் அளவைத் தீர்மானித்தன. சித்த மருத்துவம் வீரியம் என்று குறிப்பது வெப்பம், தட்பம் என்ற குணத்தை. எண்ணில் ஏறும் அளவை அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் கொண்டுவந்த மருந்தியலும் இந்த இடத்தில் பெரிதாக முன்னேறியிருக்கவில்லை. அந்த நூற்றாண்டின் மருந்தாக்க நூல்கள் தூளின் நிறையைச் சொல்லின. டிஜிட்டாலிஸ் போன்ற தூளுக்குள் எவ்வளவு செயற்பொருள் இருக்கிறது என்பதைச் சொல்லும் வழி அவற்றிடம் இல்லை.

இம்முறையின் குறை வெளிப்படையானது. இரண்டு பொதி இலைகள் ஒரே நிறையில் இருந்தும் ஒன்று மற்றதைப் போலப் பலமடங்கு வேலை செய்யலாம். அதேவேளை பிற்காலத்து முறைகள் பல இழந்துவிட்ட ஒரு நன்மையும் இதற்கு இருந்தது. அளவீடு, மருந்து வேலை செய்ய வேண்டிய அதே உடலில் நடந்தது.

தவளை அலகு, பூனை அலகு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விலங்கு அளவுகோலானது. அமெரிக்காவின் பார்க் டேவிஸ் நிறுவனத்தில் ஈ. எம். ஹூட்டன் 1898இல் தவளையைக் கொல்லும் மிகக் குறைந்த அளவைக்கொண்டு டிஜிட்டாலிஸ் சாற்றைத் தரப்படுத்தினார். 1910இல் ஹாட்சரும் புரோடியும், மயக்கப்பட்ட பூனையின் நாளத்தில் மெல்லச் செலுத்தி, இதயம் நிற்கும் அளவை அதன் உடல் நிறையால் வகுத்து, ‘பூனை அலகு’ என்றனர். பின்னர் ஹான்ஸ்லிக் புறாவின் வாந்தியைப் பயன்படுத்தினார். கினிப்பன்றிக்கும் ஒரு முறை இருந்தது. ஒரே புட்டி மருந்துக்கு நான்கு விலங்குகளும் நான்கு வீரியங்களைச் சொல்லின.

பிணக்கைத் தீர்க்க உலகளாவிய முயற்சி எழுந்தது. ஹென்றி டேலின் முன்னெடுப்பில் சர்வதேச சங்கம் (League of Nations) உயிரியல் நியமங்களை வகுத்தது. 1926இல் டிஜிட்டாலிஸ் தூளுக்கு முதலாவது சர்வதேச நியமம் வந்தது. அந்த நியமத் தூளின் 0.1 கிராமுக்கு உள்ள செயலாற்றலே ஒரு அலகு. தவளை, பூனை என்ற சச்சரவு இதனால் பாதி அடங்கியது. எந்த விலங்கைக் கையாண்டாலும் நியமத் தூளை அதே நாளில் அதே வகை விலங்கில் சோதித்து, சோதனைப் பொருளை அதற்கு விகிதமாகச் சொன்னால் போதும். வீரியம் தனியெண்ணாக அல்லாமல் ஒப்பீட்டெண்ணாக மாறியது இங்கேதான். பிந்திய முறைகள் இந்தப் பாடத்தை அடிக்கடி மறந்தன.

அடுத்த ஆண்டு ஜே. டபிள்யூ. திரேவன் இலண்டனிலிருந்து இன்னும் அடிப்படையான அடி ஒன்றைக் கொடுத்தார். ஒரே அளவு மருந்துக்கு ஒரு தவளை சாகும், அடுத்தது பிழைக்கும். ஆகையால் ‘கொல்லும் மிகக் குறைந்த அளவு’ என்று ஒன்று கிடையாது என்று பெருந்தொகை விலங்குகளில் காட்டினார். கூட்டத்தின் பாதியைக் கொல்லும் அளவு என்ற கருத்து 1927இல் அவரிடமிருந்து வந்தது. கடம், பிளிஸ் ஆகியோர் 1930களில் அதற்குக் கணிதம் அமைத்தனர். இன்று மரபணுத் தரவுகளை வரையும் மென்பொருள் போடும் வளைகோட்டுக்கும் முன்னோர் இவர்களே.

வெப்பவலயத்து வைத்தியருக்கு இவ்விவாதம் ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. குளிர்நாட்டில் தரப்படுத்தப்பட்ட டிங்சர் கப்பலிலும் களஞ்சியத்திலும் வெப்பத்தில் கிடந்து வீரியம் இழப்பதைக் கல்கத்தா வெப்பவலய மருத்துவப் பள்ளியில் ஆர். என். சோப்ரா 1920களில் ஆராய்ந்தார். 1930-31இல் அவர் தலைமையிலான மருந்து விசாரணைக் குழுவின் அறிக்கை, இந்தியாவின் 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்கு வழி திறந்தது. மஞ்சள் அலரியின் கிளைக்கோசைட்டான தெவெற்றினும் இதே காலத்தில் அளவைக்கு வந்தது. எலை லில்லி நிறுவனத்தில் கே. கே. சென் அதனையும் பின்னாளில் பல நூறு கிளைக்கோசைட்டுகளையும் பூனையில் சோதித்து நிரைப்படுத்தினார். அந்த அட்டவணைகள் இன்றும் மேற்கோளாகின்றன.

பூனையின் தீர்ப்பு மனிதருக்குப் பொருந்துமா? நியூயோர்க்கில் ஹரி கோல்ட் குழுவினர் 1940களில் நோயாளியின் இதய மின்வரைபில் ஏற்படும் மாற்றத்தையே அளவாகக் கொண்டு டிஜிட்டாலிஸை மனிதரில் சோதித்தனர். பூனையில் சம வீரியம் காட்டிய தயாரிப்புகள், மனிதர் வாயால் உட்கொண்டபோது சமமாக நடக்கவில்லை. பூனைக்கு மருந்து நாளத்தினூடாகப் போனது, மனிதருக்குக் குடலினூடாக. அளவுகோல் நேர்த்தியாக இருந்தும் அளந்தது வேறொன்றை.

தூய பொருளும் சமமற்ற மாத்திரையும்

1930இல் சிட்னி ஸ்மித் டிஜொக்சினைத் தூய பளிங்காகப் பிரித்தெடுத்தார். தூய பொருள் கையில் இருக்கும்போது தவளை எதற்கு? நிறுத்தால் போதும் என்பது வேதியியலாளரின் நிலைப்பாடு. மில்லிகிராம் அலகை வென்றது; உயிரியல் சோதனைகள் மெல்ல ஓய்ந்தன.

1971இல் இந்த நம்பிக்கை ஆட்டங்கண்டது. லிண்டன்பாம் குழுவினர், ஒரே அளவு டிஜொக்சின் அடங்கியதாகக் குறிக்கப்பட்ட வெவ்வேறு மாத்திரைகள் இரத்தத்தில் ஏழு மடங்கு வரை வேறுபட்ட செறிவுகளைத் தரக்கூடும் என்று காட்டினர். மாத்திரைக்குள் மருந்து இருந்தது. குடலில் அது கரைந்த விதம்தான் வேறு. பேராசிரியர் சேனக பிபிலேயின் தலைமையில் இலங்கை அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கியதும் அதே 1971இல். வணிகப் பெயர்களை விலக்கி, பொதுப்பெயர் மருந்துகளை மொத்தமாகக் கொள்வனவு செய்யும் அக்கொள்கை வறிய நாடுகளுக்கு முன்மாதிரியானது. அதன் எதிர்ப்பாளர்கள் கையில் எடுத்த வலுவான வாதங்களில் ஒன்று, ஒரே பெயர் கொண்ட இரு மாத்திரைகள் ஒரே வீரியம் உடையன அல்ல என்பது. வணிக நோக்கத்தோடு சொல்லப்பட்டாலும் அதில் உண்மையின் கூறு இருந்தது. அதற்கான சரியான விடை வணிகப் பெயருக்குத் திரும்புவதல்ல, கரைதலைச் சோதிப்பது. மருந்தாக்க நூல்கள் பின்னர் அதைத்தான் செய்தன.

குடலுக்குள் இன்னொரு தடையும் இருந்தது. எகர்தெல்லா லெந்தா என்ற குடல் பற்றீரியா டிஜொக்சினைச் செயலிழக்கச் செய்கிறது. வேலூரின் வி. ஐ. மதனும் லிண்டன்பாம் குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஒப்பீட்டில், நியூயோர்க் வாசிகளில் மூன்றில் ஒருவருக்குச் சற்று மேலானோரும் தென்னிந்தியரில் ஏறத்தாழ ஏழில் ஒருவரும் டிஜொக்சினை இவ்வாறு மாற்றினர். ஆக, வேதியியல் நிறையில் ஒன்றாக இருக்கும் மருந்து, ஊருக்கு ஊர் வேறு வீரியம் காட்ட இடமுண்டு.

பம்பு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு

ஷட்ஸ்மன் 1953இல், இக்கிளைக்கோசைட்டுகள் கலமென்சவ்வில் சோடியம், பொற்றாசியம் கடத்தலைத் தடுப்பதைக் காட்டினார். அக்கடத்தலைச் செய்யும் நொதியத்தை, அதாவது ‘பம்பை’, 1957இல் ஸ்கோ கண்டார். வீரியத்தை அளக்க இனி முழு விலங்கும் வேண்டாம், பம்பே போதும் என்றாயிற்று. எலிக்குடும்பத்தின் பம்பு மட்டும் ஏன் இம்மருந்துக்கு மிக மந்தமாக இருக்கிறது என்ற பழைய புதிருக்கும் விடை கிடைத்தது: 1988இல் பிரைஸ், லிங்ரெல் இருவரும், புரதத்தின் இரண்டு அமினோ அமிலங்கள் மாறியிருப்பதே காரணம் என்றனர். அந்த மாற்றத்தால் எலிக்கலங்களின் உணர்திறன் மனிதக் கலங்களைவிட நூறு முதல் ஆயிரம் மடங்கு வரை குறைகிறது. ஆய்வுகூடங்களில் மிக எளிதாகக் கிடைக்கும் விலங்கு, இந்த மருந்துக்கு மிகத் தவறான அளவுகோல்.

மரபணு வெளிப்பாட்டுக் கோலம்

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த முறை கேள்வியையே மாற்றிக் கேட்டது. மருந்து பட்ட கலத்தில் எந்த மரபணுவின் தூது ஆர்.என்.ஏ கூடுகிறது, எது குறைகிறது என்று ஆயிரக்கணக்கான மரபணுக்களுக்கு ஒரே வேளையில் பார்க்க மைக்ரோ அரே இடங்கொடுத்தது. முன்கூட்டியே ஒரு விளைவைத் தெரிவுசெய்ய வேண்டியதில்லை. கலம் தானே எல்லா விளைவுகளையும் எழுதிக் காட்டும் என்பது இதன் வாக்குறுதி. 2000ஆம் ஆண்டில் ஹியூஸ் குழுவினர் மதுவத்தின் 300 வெளிப்பாட்டுக் கோலங்களைத் தொகுத்து, செயலறியாப் பொருளொன்றின் கோலத்தை அத்தொகுப்பில் தேடியே அதன் இலக்கைக் காணலாம் என்றனர். 2006இல் லாம் குழுவினரின் ‘கனெக்டிவிட்டி மேப்’ 164 பொருட்களுடன் மனிதக் கலங்களுக்கு அதையே செய்தது. 2017இல் அதன் வாரிசான எல்1000 பதின்மூன்று இலட்சம் கோலங்களைத் தாண்டியது. ஒவ்வொரு சோதனையிலும் 978 மரபணுக்களை மட்டும் நேரடியாக அளந்து மற்றவற்றைக் கணித்துக்கொள்வது செலவைக் குறைக்க அது கண்ட வழி.

இம்முறையை வீரியத்துக்குப் பயன்படுத்துவோரிடையே மூன்று நிலைப்பாடுகளைக் காணலாம்.

கோலத்தின் ஒற்றுமையே போதும் என்பது முதலாவது. அறிந்த மருந்தொன்றின் கோலத்தை ஒத்த கோலம் எவ்வளவு பலமாகத் தோன்றுகிறதோ, அவ்வளவு வீரியம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கனெக்டிவிட்டி மேப்பில் பெரும்பாலான பொருட்கள் 10 மைக்ரோமோலாருக்கு அண்மித்த ஒரே செறிவில் சோதிக்கப்பட்டவை. டிஜொக்சின் சிகிச்சையில் இரத்தச் செறிவு ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு நனோகிராம் அளவு, அதாவது ஏறத்தாழ 1.3 நனோமோலார். சோதனைச் செறிவு அதைவிடப் பல ஆயிரம் மடங்கு. அந்த வெள்ளத்தில் பலவீனமான கிளைக்கோசைட்டும் பலமானதும் ஒரே மாதிரித்தான் தெரியும். இனம் காண இது சிறந்த முறை. எவ்வளவு என்று கேட்டால் விடை தராது. திரேவன் 1927இல் சொன்னதை நினைத்தால், ஒரே அளவில் செய்த சோதனையிலிருந்து வீரியம் கேட்பதே முறையன்று.

இரண்டாவது நிலைப்பாடு அளவு-விளைவு வளைகோட்டுக்குத் திரும்புகிறது. பல செறிவுகளில் சோதித்து, ஒவ்வொரு மரபணுவும் அசையத் தொடங்கும் செறிவைத் தனித்தனியே கணித்து, தொடர்புடைய மரபணுக்களைக் குழுக்களாகச் சேர்த்து, மிக முந்தி அசையும் குழுவின் செறிவை எடுத்துக்கொள்வது. நச்சியலாளரே இதை வளர்த்தனர். தோமஸ் குழுவினர் 2013இல் எலிகளில், சில நாட்களிலேயே தெரியும் மரபணு மாற்றத்தின் தொடக்க அளவு, நீண்டகாலச் சோதனைகளில் உடலுறுப்பு பாதிக்கப்படும் அளவுக்கு வியக்கத்தக்க நெருக்கமாக இருந்ததைக் காட்டினர். 2018இல் அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் இவ்வகைக் கணிப்புக்கு வழிமுறை வெளியிட்டது. மூன்று நிலைப்பாடுகளிலும் உறுதியான நிலம் இதற்கே உண்டு என்று சொல்லலாம். ஆயினும் ‘மரபணு அசைந்தது’ என்பதும் ‘மருந்து வேலை செய்தது’ என்பதும் ஒன்றல்ல. எந்த மரபணுக் குழுவைத் தெரிவது, எவ்வளவு அசைவை அசைவு என்று கொள்வது ஆகிய தீர்மானங்கள் மென்பொருளுக்குள் ஒளிந்திருக்கின்றன. விளைவைத் தெரிவுசெய்ய வேண்டியதில்லை என்ற வாக்குறுதி இவ்விடத்தில் மெல்லக் கைவிடப்படுகிறது.

மூன்றாவது நிலைப்பாடு மருந்து கொடுக்கும் முன்னரே, கலத்தின் இயல்பான வெளிப்பாட்டுக் கோலத்தைக்கொண்டு, அக்கலத்தில் மருந்து எவ்வளவு வீரியம் காட்டும் என்று முன்னறிவிக்க முயல்கிறது. புற்றுநோய் ஆய்விலேயே இது மிகுதி. அவமானமும் இங்கேதான் நேர்ந்தது. டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து 2006இல் வந்த புகழ்பெற்ற முன்னறிவிப்புக் கட்டுரையின் கணக்குகளைப் புள்ளியியலாளர் பாகர்லியும் கூம்ப்ஸும் மீளச் செய்து பார்த்து, தரவு வரிசைகள் இடம்மாறியிருந்தது உள்ளிட்ட பிழைகளை வெளிக்கொணர்ந்தனர். 2011இல் அது மீளப் பெறப்பட்டது. 2013இல் ஹைப்-கெய்ன்ஸ் குழுவினர் இரு பெரும் தரவுத் தொகுப்புகளை ஒப்பிட்டபோது கிடைத்த முடிவு இன்னும் சிந்திக்க வைப்பது. பொதுவான 471 கல வரிசைகளில் மரபணு வெளிப்பாட்டு அளவீடுகள் நன்றாக ஒத்துப்போயின. பொதுவான 15 மருந்துகளின் வீரிய அளவீடுகளே ஒத்துப்போகவில்லை. புதிய கருவி மீதுதான் எல்லோரும் ஐயம் கொண்டிருந்தனர்; தளர்ந்திருந்ததோ பழைய அளவுகோல். வேகமாகப் பிரியும் கலமும் மெதுவாகப் பிரியும் கலமும் ஒரே மருந்துக்கு வேறு வீரியம் காட்டுவது இதற்குக் காரணங்களில் ஒன்று என்று 2016இல் ஹாஃப்னர், சோர்ஜர் குழுவினர் வாதிட்டு, வளர்ச்சி வீதத்தைக் கழித்துக் கணிக்கும் திருத்தத்தை முன்வைத்தனர்.

கோலத்தை விட்டு ஒற்றை மரபணுவைப் பிடித்துக்கொண்ட ஒரு துறையில் காரியம் எளிதாக முடிந்திருக்கிறது. இன்டர்பெரோன்-பீற்றா பெறும் நோயாளியின் குருதியில் எம்எக்ஸ்ஏ மரபணு வெளிப்பாடு உயர்கிறதா என்று பார்த்து, மருந்து உடலில் இன்னும் வேலை செய்கிறதா, பிறபொருளெதிரி அதை முடக்கிவிட்டதா என்று அறிகின்றனர். அந்த மரபணு இன்டர்பெரோனின் நேரடி ஆணைக்குக் கீழ்ப்படிவது. இலக்கும் மரபணுவும் இவ்வளவு நெருக்கமாக அமைவது அரிது.

கிளைக்கோசைட்டுகளின் கையொப்பம்

டிஜொக்சின், ஊவாபெயின், லனற்றோசைட்டு போன்றவை மரபணுக் கோலத் தொகுப்புகளில் ஒரே கொத்தாக ஒட்டிக்கொள்கின்றன. அவ்வளவு பலமான கையொப்பம் காட்டும் மருந்துக் குடும்பங்கள் சிலவே. பம்பு தடைபட்டதும் கலத்துக்குள் சோடியம் ஏறிப் பொற்றாசியம் இறங்குகிறது. ஈ.ஜி.ஆர்.1, பொஸ், ஏ.ரி.எஃப்.3 போன்ற முந்தித் துலங்கும் மரபணுக்கள் எழுகின்றன. பொற்றாசியம் அற்ற ஊடகத்தில் கலத்தை வைத்தாலும் பெருமளவு இதே கோலம் தோன்றுவதைக் கொல்ற்சோவா குழுவினர் 2012இல் காட்டினர். எனவே இக்கோலத்தில் கணிசமான பங்கு மருந்துக்குரியதன்று, அயன்களின் விகிதத்துக்குரியது. வீரியம் அளப்போருக்கு இது நல்ல செய்தி, ஏனெனில் கோலம் பம்பின் நிலையை நேராகப் பிரதிபலிக்கிறது.

அடுத்த செய்தி அவ்வளவு நல்லதன்று. பேர்ன் குழுவினர் 2009இல் வெளியிட்டபடி, மனிதக் கலங்களில் கிளைக்கோசைட்டுகள் புரதத் தொகுப்பை ஒட்டுமொத்தமாக அடக்குகின்றன. அந்நிலை வந்தபின் தெரியும் கோலம் பெரும்பாலும் மடியும் கலத்தின் கோலம். செறிவு கூடக்கூட, பம்பைப் பற்றிய செய்தி குறைந்து சாவைப் பற்றிய செய்தி கூடுகிறது. டிஜொக்சினைப் புற்றுநோய் மருந்தாக மீள்பயன்படுத்தலாம் என்று எழுந்த ஆர்வத்தின் பின்னாலும் இக்குழப்பம் உண்டு: மனிதப் புற்றுக்கலத்தை எலிக்குள் வைத்துச் சோதிக்கும்போது மருந்து மனிதக் கலத்தைக் கொல்லும், எலியைத் தொடாது. கிடைக்கும் வெற்றி மருந்தின் தெரிவுத்திறனால் வந்ததா, எலிப்பம்பின் மந்தத்தால் வந்ததா என்பதைப் பிரித்தறிய வேண்டும். மேலும் ஆய்வுகூடக் கலம் பெரும்பாலும் மார்பகப் புற்று அல்லது அதுபோன்ற வரிசை. துடிக்கும் இதயத்தசை அல்ல. டிஜொக்சினின் சிகிச்சை விளைவோ சுருங்கும் தசையில், ஏவி கணுவில், வேகசு நரம்பில் நிகழ்வது. சில நிமிடங்களில் தோன்றும் அயன் மாற்றத்துக்கு, மணிக்கணக்கில் எழுதப்படும் ஆர்.என்.ஏ காலம் தாழ்த்திய சாட்சியே.

அலரியும் எருக்கும்: கலவையின் வீரியம்

தூய டிஜொக்சினுக்கே இவ்வளவு சிக்கல் என்றால், பல கிளைக்கோசைட்டுகள் கலந்த தாவரத்துக்கு என்ன அளவுகோல்? வட இலங்கையில் இது நூலகக் கேள்வியாக இருக்கவில்லை. 1980களில் தொடங்கி மஞ்சள் அலரி விதை நஞ்சூட்டல் வடபகுதி வைத்தியசாலைகளை நிறைத்தது. சரவணபவானந்தனும் கணேசமூர்த்தியும் யாழ்ப்பாணத்தில் 170 நோயாளரை ஆராய்ந்து 1988இல் வெளியிட்ட கட்டுரை, இவ்விடயத்தில் பரவலாக எடுத்துக்காட்டப்படும் பதிவு. 1999இல் எடில்ஸ்ரன் குழுவினர் இதை வட இலங்கையின் கொள்ளைநோய் என்றே பெயரிட்டனர்.

உட்கொண்ட அளவு இவ்வளவு என்று உறவினர் சொல்வது நோயின் கடுமையை நம்பகமாக முன்னறிவிக்கவில்லை. விதைக்கு விதை தெவெற்றின்களும் நெரிபோலினும் பெருவோசைட்டும் வேறு விகிதங்களில் இருக்கும். டிஜொக்சினுக்கென 1969இல் உருவான கதிரியக்க நோயெதிர்ப்புச் சோதனை அலரியின் கிளைக்கோசைட்டுகளையும் ஓரளவு பிடிக்கிறது. கிடைக்கும் எண் ‘டிஜொக்சின் சமானம்’ மட்டுமே; எந்தக் கிளைக்கோசைட்டு எவ்வளவு பிடிபட்டது என்பது தெரியாது. அந்த எண் உயரும்போது குருதிப் பொற்றாசியமும் இதயக் கோளாறின் கடுமையும் உயரும் போக்கு இலங்கை நோயாளரில் காணப்பட்டது. ஆனால் தனியொருவரின் கதியை அதைக்கொண்டு சொல்ல இயலவில்லை. நடைமுறையில் இதய மின்வரைபும் பொற்றாசியமும்தான் வைத்தியரை வழிநடத்துகின்றன. விதெரிங்கின் அளவுகோலுக்கே திரும்பியது போன்ற நிலை இது; குறைகூற அதில் ஒன்றுமில்லை.

முறிமருந்தின் வீரியமும் இதே கேள்வியின் மறுபக்கம். டிஜொக்சினுக்கு எதிரான பிறபொருளெதிரித் துண்டுகள் அலரி நஞ்சிலும் இதயக் கோளாற்றை மீட்கும் என்று 2000ஆம் ஆண்டு இலங்கையில் நடந்த எழுமாற்றுச் சோதனை நிறுவியது. ஆனால் துண்டுகள் டிஜொக்சினுக்குப் பொருந்தும் அளவுக்கு அலரியின் கிளைக்கோசைட்டுகளுக்குப் பொருந்துவதில்லை. கூடிய அளவு வேண்டும், விலையோ எட்டாதது. 2003இல் அம்மருந்து கிடைக்காமற் போனதால் நேர்ந்த மரணங்கள் பற்றி லான்செற் இதழில் எழுதப்பட்டது. மீண்டும் மீண்டும் கொடுக்கும் செயற்படுத்திய கரி பற்றி 2003இல் ஒரு சோதனை நன்மை உண்டென்றது. 2008இல் அதைவிடப் பெரிய சோதனை நன்மை இல்லையென்றது. நெடுந்தீவில் இருப்பவருக்குக் குறிகட்டுவான் வரை படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம், பிறகு தரைவழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை. எந்த ஆய்வுகூட அளவீடும் அந்த நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அது அந்த நோயாளிக்கு உதவாது. மரபணு வெளிப்பாட்டு அளவீட்டுக்கு அந்த வேகம் இல்லை.

அதன் இடம் வேறு. தாவரச் சாற்றின் முழுக் கலவையையும் மனிதக் கலத்தில் இட்டு, டிஜொக்சின் நியமத்தோடு ஒரே நாளில் பல செறிவுகளில் ஒப்பிட்டால், பம்புக்கு எதிரான மொத்த வீரியத்தை ஒரே எண்ணாகப் பெறலாம். சாற்றின் வளைகோடு நியமத்தின் வளைகோட்டுக்குச் சமாந்தரமாக அமையாவிட்டால், கலவையில் வேறு செயற்பொருளும் இருக்கிறது என்ற எச்சரிக்கையும் கூடவே கிடைக்கும். வேதியியல் அளவீடு அந்த எச்சரிக்கையைத் தராது. எருக்கம்பாலின் கலொற்றொப்பினை நோக்கியும், சித்த மருந்துகளின் தொகுதிக்குத் தொகுதி வேறுபாட்டை நோக்கியும் இவ்வழியைத் திருப்ப முடியும். எலிப்பம்பு கொண்ட கலத்தில் அதே கோலம் மறைகிறதா என்பது உடன் வைக்க வேண்டிய எதிர்ச்சோதனை.

தீராதவை

மரபணு வெளிப்பாட்டுக் கோலம், மருந்து எதைத் தாக்குகிறது என்ற கேள்விக்கு நன்கு விடையளிக்கிறது. எவ்வளவு என்ற கேள்விக்குப் பல செறிவுகள், தக்க கலம், தக்க நேரம், ஒப்பிட ஒரு நியமம் ஆகிய நான்கும் சேர்ந்தால்தான் விடையளிக்கிறது. 1926இல் டிஜிட்டாலிஸ் தூளுக்குக் கிடைத்தது போன்ற சர்வதேச நியமம் கோலங்களுக்கு இல்லை. பல மரபணுக்களின் வளைகோடுகளை ஒரே வீரியமாகச் சுருக்குவதற்கு இணக்கம் கண்ட விதியும் இல்லை. இடைநிலை எண்ணை எடுப்போரும் மிக முந்திய எண்ணை எடுப்போரும் ஒரே தரவிலிருந்து வேறு முடிவுக்கு வருகின்றனர். தண்டுக்கலங்களிலிருந்து வளர்க்கப்படும் மனித இதயத்தசைக் கலங்கள் தக்க கலம் என்ற குறையை ஓரளவு நீக்கக்கூடும், ஆனால் அவை முதிராத இதயத்தின் இயல்புகளையே மிகுதியாகக் காட்டுகின்றன. குடலும் பற்றீரியாவும் சிறுநீரகமும் எந்தக் கலத் தட்டிலும் இல்லை. டிஜொக்சின் மாத்திரையின் தரத்தை மருந்தாக்க நூல்கள் இன்றும் வேதியியல் அளவீட்டாலும் கரைதல் சோதனையாலுமே தீர்மானிக்கின்றன. மரபணு வெளிப்பாட்டுச் சோதனை அந்நூல்களில் அதற்கு இன்னும் இடம்பெறவில்லை.